ஒப்படை எழுதுவது யார்?

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் ஓரிரவு எட்டு மணியளவில், வலிகாமத்துச் சந்தியொன்றிலுள்ள கணினிக் கடையிலே நாம் ஒரு காட்சியைக் கண்டோம். கமக்காரர் ஒருவர் கையில் கசங்கிய கடதாசித் துண்டொன்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். தோட்டத்திலிருந்து நேரே வந்தவர் போலும். காலில் ஒட்டிய செம்மண் இன்னும் காயவில்லை. அத்துண்டிலே, எட்டாந் தரத்திற் பயிலும் அவருடைய மகள் எழுதிக் கொடுத்த சொற்கள் இரண்டே இரண்டு: “வெங்காயச் செய்கை”. கடைக்காரத் தம்பி விசைகளைத் தட்டினார். வேறொரு நாட்டின் வேறொரு மண்ணைப் பற்றி எவரோ எழுதிய பன்னிரண்டு பக்கங்கள் வண்ணப் படங்களுடன் வெளிவந்தன. அவற்றுக்கு ஓர் அழகிய முகப்புத் தாளும் இட்டுக் கட்டுவித்து, அரை நாட் கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு அம்மனிதர் வீட்டுக்குப் புறப்பட்டார்.

பேச்சுக் கொடுத்தோம். முப்பது வருடமாக வெங்காயம் நட்டுப் பிடுங்கி வருவதாகச் சொன்னார். எந்த மாதத்தில் நட்டால் குமிழ் திரளும், எந்த மழையில் அழுகும், எத்தனை நாளுக்கொருமுறை இறைக்க வேண்டும் என்பனவெல்லாம் அவருக்குக் கைவந்த பாடம். ஆயினும், அவருடைய மகள் அவரிடம் ஒரு கேள்விதானும் கேட்கவில்லை. கேட்கவேண்டுமென்று அவளுக்கு எவரும் சொல்லவுமில்லை. வீட்டிலே ஒரு பேராசிரியரை வைத்துக்கொண்டு, அந்தப் பேராசிரியரையே கடைக்கு அனுப்பி அந்நியச் சரக்கை வாங்குவித்த விந்தை இது!

இஃது ஒரு தந்தையின் கதை மாத்திரமன்று. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும், மட்டக்களப்பிலும் மலையகத்திலும், தவணைதோறும் ஆயிரமாயிரம் வீடுகளில் நடப்பது இதுவே. பிள்ளைக்கென்று கொடுக்கப்படும் வேலையைத் தந்தை வாங்குகிறார், தாய் ஒட்டுகிறார், பல்கலைக்கழகத்திற் படிக்கும் தமையன் எழுதுகிறான், பிள்ளை பெயரை மட்டும் பொறிக்கிறது, ஆசிரியர் புள்ளி இடுகிறார். புள்ளி பெற்றவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். எவரும் பேசுவதில்லை. பேசவேண்டிய காலம் வந்துவிட்டதென்றே இன்று எழுதத் துணிந்தோம்.

நோக்கம் நன்று

ஒப்படையென்றும் செயற்றிட்டமென்றும் வழங்கும் இம்முறையை நாம் வெறுப்பவரல்லோம். ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள நான்கு ஆண்டுகள் பிள்ளையின் வாழ்விலே ஓர் அரிய பருவம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை ஒருபுறம் முடிந்திருக்கும். சாதாரண தரப் பரீட்சையின் நுகம் இன்னும் கழுத்தில் ஏறியிராது. இடையிலே கிடைக்கும் மூச்சுவிடும் காலம் அது. அறிவு விழித்தெழுந்து “ஏன்?”, “எப்படி?” என்று கேட்கும் வயதும் அதுவே. அக்காலத்திலே ஒரு பிள்ளை, ஒரே கேள்வியை வாரக்கணக்காகத் தன் நெஞ்சில் வைத்து, தானே தேடி, தானே அளந்து, தானே பிழைவிட்டுத் திருத்தி, ஈற்றில் தன் சொல்லால் எழுதி முடிக்குமாயின், அதனினும் மேலான கல்வி வேறெது?

இக்கருத்துப் புதிதுமன்று. அமெரிக்கக் கல்வியறிஞர் வில்லியம் கில்பற்றிக் 1918 ஆம் ஆண்டிலேயே செயற்றிட்ட முறையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பிள்ளை முழுமனத்தோடு தானே மேற்கொள்ளும் நோக்கமுள்ள செயலே கல்வியின் கரு என்பது அவர் கொள்கை. 1937 இல் வார்தாவிலே காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையே நடுவாக வைத்து மற்றப் பாடங்களை அதனைச் சுற்றி அமைத்தது. எமது நாட்டிலும் 1997 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து பாடசாலை மட்டக் கணிப்பீடு வேரூன்றியது. ஆண்டிறுதியில் ஒரு நாளில் மூன்று மணித்தியாலம் எழுதும் விடைத்தாள் மட்டும் பிள்ளையின் ஆற்றலைக் காட்டிவிடாது; ஆண்டு முழுவதும் அப்பிள்ளை செய்யும் வேலையும் கணிக்கப்பட வேண்டும் என்பதே அதன் உட்பொருள். நோக்கத்தில் யாம் குற்றம் காணோம். குற்றமெல்லாம் நடைமுறையிலேதான்.

நடப்பது என்ன?

ஆறாந் தரப் பிள்ளையின் நேரசூசியை எடுத்துப் பாருங்கள். சமயம், தமிழ், ஆங்கிலம், சிங்களம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியியல், சுகாதாரம், அழகியல், செயன்முறைத் தொழில்நுட்பத் திறன்கள் என்று பன்னிரண்டு பாடங்கள் எளிதிற் சேர்ந்துவிடும். ஒவ்வோர் ஆசிரியரும் தவணைக்கு ஒன்றென்று மிகச் சிக்கனமாக ஒப்படை கொடுத்தாலும், ஆண்டுக்கு 36 ஒப்படைகள்! பதினொரு வயதுப் பிள்ளை ஆண்டுக்கு 36 விடயங்களை ஆராய்ந்து எழுதுமென்று எவராவது நம்புகிறாரா? பள்ளிவிட்டு வந்து, தனியார் கல்வி நிலையத்துக்கு ஓடி, இருட்டியபின் வீடு திரும்பும் பிள்ளை அது. ஆராய்வதற்கு வேண்டிய முதற் பொருள் ஓய்வு. அந்த ஓய்வை நாம் பிள்ளையிடமிருந்து பறித்துவிட்டோம். பறித்தபின் ஆராய்ச்சியைக் கேட்கிறோம்.

ஆசிரியரின் நிலையோ இன்னும் பரிதாபம். வகுப்புக்கு 35 மாணவராக ஐந்து வகுப்புகளுக்குக் கற்பிக்கும் ஓர் ஆசிரியரின் மேசையில் தவணை முடிவில் 175 ஒப்படைகள் குவிகின்றன. ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் வாசித்தாலும் 29 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். ஆதலால் அவர் வாசிப்பதில்லை, புரட்டுகிறார். புரட்டும் கண்ணுக்குத் தெரிவது எது? முகப்பும், வண்ணமும், பக்க எண்ணிக்கையுமே. மினுங்கும் தாளுக்குப் பதினெட்டுப் புள்ளி. பென்சிலால் எழுதி எண்ணெய்க் கறை பட்ட கொப்பிக்கு ஒன்பது. பிள்ளைகள் இவ்விரகசியத்தை ஒரே தவணையிற் கற்றுக்கொள்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று எவரும் பார்ப்பதில்லை; வெளியே மினுங்கினாற் போதும் என்பதே இன்று ஒப்படை கற்பிக்கும் முதற் பாடம்.

இரண்டாவது, செலவு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், கடதாசி இல்லாமையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை வாசகர் மறந்திரார். அன்று ஏறிய அப்பியாசக் கொப்பியின் விலை ஏழைப் பெற்றோரின் முதுகை இன்னும் அழுத்துகிறது. அதன் மேலே வண்ண மட்டை, ஒட்டுப்படம், அச்சுக் கூலி என்று வேறு சுமை. 1945 முதல் இலவசக் கல்வி என்று நாம் பெருமை பேசும் நாட்டிலே, ஒரு பிள்ளையின் புள்ளி தந்தையின் சட்டைப்பையிலே தீர்மானிக்கப்படலாமா?

மூன்றாவது, சமமின்மை. ஒரு வைத்தியரின் வீட்டிலே தனி மேசையும் மின்விளக்கும் கணினியும், கேட்டால் விளக்கம் சொல்லப் படித்த பெற்றோரும் உண்டு. தோட்ட லயத்தின் ஓரறையிலே ஆறுபேர் உறங்கும் வீட்டில் மேசை எங்கே? பேருந்தைத் தவறவிட்டால் ஐந்து கட்டை நடக்கவேண்டிய வன்னிப் பிள்ளைக்கு நேரம் எங்கே? இஃது எமது நாட்டின் குறை மாத்திரமன்று. பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனம் 2012 இல் 15 வயது மாணவரிடையே நடத்திய ஆய்வின்படி, அதன் உறுப்பு நாடுகளில் வசதிபடைத்த மாணவர் சராசரியாக வாரத்துக்கு 5.7 மணித்தியாலம் வீட்டுவேலை செய்தனர்; வசதியற்ற மாணவர் செய்தது 4.1 மணித்தியாலம். செல்வம் மிகுந்த நாடுகளிலேயே வீட்டுவேலை ஏற்றத்தாழ்வை வளர்க்குமாயின், இங்கு அது செய்வதைக் கூறவும் வேண்டுமோ?

நான்காவதாக, அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்த ஆபத்தொன்றுண்டு. முன்பு கடைக்காரத் தம்பியாவது வேண்டியிருந்தது. இன்று கைத்தொலைபேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவிடம் ஒரு வரி கேட்டால், பத்துப் பக்கக் கட்டுரை ஒரு நிமிடத்திற் கிடைக்கிறது. அது பிள்ளையின் மூளையையும் தொடுவதில்லை, கையையும் தொடுவதில்லை. “இத்தலைப்பைப் பற்றித் தகவல் திரட்டுக” என்று இனியும் ஒப்படை கொடுக்கும் ஆசிரியர், இயந்திரத்துக்கே பரீட்சை வைக்கிறார் என்பதை உணர்வாராக.

இங்கிலாந்து கற்ற பாடம்

நாம் எந்த நாட்டின் பரீட்சை முறையைப் பின்பற்றினோமோ, அந்த இங்கிலாந்தே இவ்விடத்திற் சறுக்கி விழுந்து எழுந்தது. அங்கு இடைநிலைக் கல்விச் சான்றிதழுக்குரிய புள்ளிகளிலே ஒரு பகுதி, மாணவர் வீட்டிலிருந்து எழுதிவரும் வேலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பெற்றோர் எழுதுகிறார்கள், இணையத்திலிருந்து படியெடுக்கிறார்கள் என்ற முறைப்பாடு பெருகியது. கணித பாடத்தில் அம்முறையை நீக்குவதாக 2006 இல் அறிவித்தார்கள். வேறு பல பாடங்களிலே 2009 முதல், ஆசிரியரின் மேற்பார்வையில் வகுப்பறையிலேயே செய்யும் வேலையை அதன் இடத்தில் வைத்தார்கள்.

ஆகவே ஒப்படையை ஒழித்துவிடலாமா? கூடாது. வரப்பிலே நண்டு ஓட்டை போட்டதென்று வயலையே தரிசாக விடுவாருண்டோ? வீட்டிலிருந்து வரும் தாளுக்குப் புள்ளி இடுவதை நிறுத்தவேண்டும். பிள்ளை தானே தேடுவதை நிறுத்தக்கூடாது. பிறர் எழுதிக் கொடுக்க முடியாத ஒப்படை உண்டா? கடையில் வாங்க முடியாத ஒப்படை உண்டா? உண்டு. அது எங்கள் கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது.

கிணற்றடியில் ஒரு கல்விக்கூடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. மழைக்காலத்தில் மாத்திரம் ஓடும் வழுக்கையாறு ஒன்றே எமக்குண்டு. எமது உயிர், நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கற் பாறையிலே தங்கி நிற்கும் நீர். வடகீழ்ப் பருவமழை பெய்து ஊறும் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஊறியதிலும் கூடுதலாக இறைத்தால் உவர் மேலேறும். இவ்வுண்மை எத்தனை எட்டாந் தரப் பிள்ளைகளுக்குத் தெரியும்? அவர்கள் நைல் நதியின் நீளத்தை மனனஞ் செய்கிறார்கள். தங்கள் வீட்டுக் கிணற்றின் ஆழத்தை அறியார்.

செப்டெம்பர் முதல் வாரந் தொடங்கிப் பன்னிரண்டு வாரங்களுக்கு, ஞாயிறுதோறும் காலையில் இறைப்புத் தொடங்குமுன், பிள்ளை தன் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கட்டும். வேண்டியவை: முடிச்சிட்ட கயிறொன்று, கல்லொன்று, அளவுநாடா ஒன்று, பக்கத்திலே வளர்ந்தவர் ஒருவர். முற்றத்திலே நேர்ச்சுவருள்ள தகரப் பேணியொன்றை வைத்து, பெய்த மழையின் உயரத்தை நாள்தோறும் மில்லிமீற்றரிற் குறிக்கட்டும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். எனவே 60 சதுர மீற்றர்க் கூரையின் மேல் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 3,000 லீற்றர். இக்கணக்கைத் தன் கூரைக்குத் தானே போட்டுப் பார்த்த பிள்ளை, பரப்பளவையும் கனவளவையும் வாழ்நாளில் மறக்குமா?

பன்னிரண்டு வாரத்தின் முடிவிலே அளவுகளைக் கட்டத்தாளிற் கோடாக வரையட்டும். அப்பொழுது கேள்விகள் தாமாகவே எழும். பெருமழை பெய்து எத்தனை நாளின் பின் கிணறு ஏறியது? அடுத்த வீட்டுக் கிணறும் அதேயளவு ஏறியதா? ஒரு மணித்தியாலம் இயந்திரத்தால் இறைத்தால் எவ்வளவு இறங்குகிறது? மீண்டும் ஊற எத்தனை நேரம்? கடலோரத்துக் கிணற்றின் நீர் ஏன் கைக்கிறது? பிறகு அப்பாவிடமும் அம்மம்மாவிடமும் சென்று கேட்கட்டும்: துலாவால் இறைத்த காலத்தில் நீர் எங்கே நின்றது? எந்த ஆண்டிலே கிணறு வற்றியது? இதிலே கணிதமுண்டு, விஞ்ஞானமுண்டு, புவியியலும் வரலாறும் உண்டு, கேட்டதைச் செவ்வனே எழுதும் தமிழும் உண்டு. நான்கு ஒப்படைகளை ஒன்றாக்கினோம். செலவோ ஒரு கொப்பி.

இதனை எந்தக் கடையில் வாங்குவது? எந்த இயந்திரம் அந்தக் கிணற்றடியில் நின்று அளக்கும்? ஒரு ஞாயிறு காய்ச்சலாற் படுத்த பிள்ளை அந்தக் கட்டத்தை வெறுமையாக விடட்டும். வெறுமையாக விட்ட அந்த ஒரு கட்டம், கற்பனையாக நிரப்பிய பத்துக் கட்டங்களிலும் மேலானது என்று சொல்லி ஆசிரியர் புள்ளி கொடுக்கட்டும். உண்மையை எழுதினால் நட்டமில்லை என்று பள்ளியிலே கற்காத பிள்ளை வேறெங்கே கற்கப்போகிறது?

ஊருக்கு ஊர் கிணறு வேறு, கேள்வியும் வேறு. மட்டக்களப்புப் பிள்ளை அறுவடை செய்த நெல்லில் ஒரு கிலோவை எடுத்து, வெயிலில் உலர்த்தி, நாள்தோறும் நிறுத்து, எத்தனை நாளில் எவ்வளவு குறைகிறதென்று எழுதலாம். ஈர நெல்லை அவசரமாக விற்கும் தந்தைக்கு எவ்வளவு நட்டம் என்பது அப்பொழுது தெரியவரும். முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளை, வள்ளம் கரைசேரும்போது மீன் விற்ற விலையையும் அதே மீன் நகரச் சந்தையில் விற்ற விலையையும் மாதமொன்றுக்குக் குறிக்கலாம். வலிகாமத்து மகள், தந்தையின் ஒரு போக வெங்காயத்துக்கு விதை, பசளை, கூலி, இறைப்பு, சாக்கு, வண்டிச் சத்தம், சந்தையிலே கழிவென்று விட்டுக்கொடுத்தது ஆகிய யாவற்றையும் எழுதி, ஈற்றிலே மிஞ்சியது எவ்வளவென்று கூட்டிப் பார்க்கலாம். அந்தக் கூட்டல் பிள்ளைக்கு மாத்திரமன்றித் தந்தைக்கும் ஒரு கல்வியாகும். பல கமக்காரர் கணக்கெழுதாமலே கடனாளியானார்கள் என்பதை அறியாதார் யார்?

மலையகத்துப் பிள்ளையின் தகரப் பேணியோ உயிர் காக்கும் கருவி. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி கொண்டுவந்த பெருமழையில் மலைச்சரிவுகள் இடிந்து வீழ்ந்து உயிர்கள் பல மாண்ட துயரத்தை நாடு மறக்காது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் சரிவுகளில் வாழ்வோர் விழிப்பாயிருக்க வேண்டுமென்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அளவு. லயத்தின் முற்றத்திலே மழையை அளக்கக் கற்ற ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஓரிரவு தன் லயத்தையே தட்டி எழுப்பக்கூடும். இதனிலும் பயனுள்ள ஒப்படையை எவர் கண்டார்?

கமக்காரரின் ஐயம்

இவ்விடத்திலே கமக்கார வாசகர் எம்மைப் பார்த்து ஒன்று கேட்பார். “ஐயா, நான் மண்ணிலே மாய்வது போதாதா? என் பிள்ளையும் கிணற்றையும் வெங்காயத்தையும் பார்த்துக்கொண்டிருக்கவா பள்ளிக்கு அனுப்புகிறேன்? பட்டணத்துப் பிள்ளை கணினி படித்து எஞ்சினியராவான். என் பிள்ளை மழையை அளந்து கமக்காரனாவானோ?”

இந்த ஐயத்தை நாம் இகழோம். அதற்கு வரலாறு உண்டு. 1930களிலே அன்றைய கல்வி மந்திரி கன்னங்கரா அவர்கள் ஆதரித்த ஹந்தெஸ்ஸ கிராமியக் கல்வித் திட்டம், கிராமத்துத் தொழிலையும் பள்ளிப் பாடத்தையும் இணைக்க முயன்றது. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழின் முன்னிலைப் பாடங்களை இடைநிலை வகுப்புகளிற் புகுத்தியது. இரண்டும் நிலைக்கவில்லை. 1977 இல் ஆட்சி மாறியபின் பின்னையதும் கைவிடப்பட்டது. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று பெற்றோரின் நெஞ்சிலிருந்த பயம்: உத்தியோகத்துக்குச் செல்லும் வழி ஒன்று, ஊரிலே கிடக்கும் வழி வேறொன்று, எம் பிள்ளைகளை இரண்டாவதற்குத் தள்ளுகிறார்கள் என்ற பயம். அப்பயம் வெறும் மாயையுமன்று. ஏழையின் பிள்ளைக்கு மண்வெட்டியும் செல்வரின் பிள்ளைக்கு ஆங்கிலமும் என்று பிரித்தால், அது கல்வியாகாது, வஞ்சனை.

ஆதலினாலேயே நாம் சொல்லுகிறோம்: இவ்வேலை கமக்காரரின் பிள்ளைக்கு மாத்திரமன்று, வைத்தியரின் பிள்ளைக்கும் நியாயவாதியின் பிள்ளைக்கும் அதுவே. குழாய் நீரில் வாழும் பட்டணத்துப் பிள்ளை, தன் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி நீர் செலவாகிறதென்று அளக்கட்டும். வாரத்தில் எறியப்படும் பிளாஸ்ரிக் குப்பையை நிறுக்கட்டும். இரு பிள்ளைகளுக்கும் கேள்வி ஒரே தரத்தது. புள்ளி ஒரே அளவினது. அன்றியும், கிணற்றை அளக்கும் பிள்ளை கற்பது கிணற்றை மட்டுமன்று. அளப்பது, ஒப்பிடுவது, ஐயுறுவது, காரணம் தேடுவது, சான்றின்றிப் பேசாதிருப்பது என்பனவற்றையே கற்கிறது. எஞ்சினியருக்கும் வைத்தியருக்கும் நியாயாதிபதிக்கும் வேண்டிய முதல் இவையே. மழையை அளந்தவன் கமக்காரனாகத்தான் வேண்டுமென்பதில்லை. ஆனால் கமக்காரனானால் நல்ல கமக்காரனாவான், எஞ்சினியரானாலும் நல்ல எஞ்சினியராவான்.

சொல்லப்போனால், இவ்வொரு வேலையிலேதான் கமக்காரரின் பிள்ளை பட்டணத்துப் பிள்ளைக்குக் கடன்படாமல் நிற்கலாம். அச்சடித்த தாளுக்குப் புள்ளி கொடுக்கும்வரை பணமுள்ளவன் முந்துவான். அளந்த கொப்பிக்குப் புள்ளி கொடுத்தால், கிணறும் வயலும் கடலும் உள்ளவன் வெறுங்கையனாக நில்லான்.

செய்யவேண்டியவை

குறை கூறுவதோடு நில்லாது, எமது யோசனைகளையும் முன்வைக்கிறோம்.

முதலாவதாக, எண்ணிக்கை குறையட்டும். ஆண்டுக்கு 36 வேண்டாம், ஒன்று போதும். ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை ஆண்டுக்கு ஒரே ஒரு நீண்ட ஒப்படை, பத்து அல்லது பன்னிரண்டு வாரங்களுக்குரியதாக, மூன்று நான்கு பாடங்களுக்குப் பொதுவாக அமையட்டும். நான்கு ஆண்டுகளில் நான்கு கேள்விகளை ஆழமாகத் தேடிய பிள்ளை, 144 முகப்புத் தாள் ஒட்டிய பிள்ளையிலும் கற்றது அதிகமாயிருக்கும்.

இரண்டாவதாக, கேள்வி பிள்ளையுடையதாகட்டும். “வெங்காயச் செய்கை” என்பது கேள்வியன்று, தலைப்பு. “எங்கள் தோட்டத்தில் இந்தப் போகத்தில் வெங்காயம் அழுகியது ஏன்?” என்பது கேள்வி. தலைப்பைக் கேள்வியாக்கப் பிள்ளைக்குக் கைகொடுப்பதே ஆசிரியரின் முதற் கடமை. அதற்கு முதல் இரண்டு வாரங்களையும் செலவிட்டாலும் தகும்.

மூன்றாவதாக, வாரத்துக்கு ஒரு பாடவேளையைப் பள்ளி இதற்கென்று ஒதுக்கட்டும். அளப்பது வீட்டிலே; எழுதுவது பள்ளியிலே. மேசையும் விளக்கும் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியின் மேசையும் பகல் வெளிச்சமும் கிடைக்கும். பிள்ளை தானே எழுதுவதை ஆசிரியரும் காண்பார்.

நான்காவதாக, முகப்புக்கும் வண்ணத்துக்கும் ஒரு புள்ளிதானும் வேண்டாம். அச்சடித்த பக்கம் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாதென்று அதிபர் அறிவிக்கட்டும். புள்ளியில் ஒரு பாதி, வாரந்தோறும் குறித்த கொப்பிக்கு. மறுபாதி, ஆசிரியரின் முன் நின்று சொல்லும் விளக்கத்துக்கு. “இவ்வளவை எப்படி அளந்தாய்? ஏழாவது வாரத்திலே ஏன் குறைந்தது?” என்ற இரண்டு கேள்விகள் போதும், எழுதியவர் யாரென்பது வெளியாகிவிடும். 35 பிள்ளைகளுக்குத் தலைக்கு எட்டு நிமிடமாயின் 280 நிமிடம். அதாவது நாற்பது நிமிடப் பாடவேளைகள் ஏழு. 175 தாள்களைப் புரட்டும் வீண் உழைப்பிலும் இது குறைவன்றோ?

ஐந்தாவதாக, முடிந்த வேலை அலுமாரியிற் பூச்சிக்கு இரையாகாது ஊருக்கு வரட்டும். எமது ஊர்கள்தோறும் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் உண்டு. ஆண்டுக்கொரு மாலை அங்கே பிள்ளைகள் தாம் கண்டதைச் சொல்லட்டும். கமக்காரரும் கடற்றொழிலாளரும் முன்வரிசையிலிருந்து கேள்வி கேட்கட்டும். ஐந்து ஆண்டு ஒரே ஊரின் கிணறுகளை அளந்த கொப்பிகள் சேருமாயின், அது பிள்ளை விளையாட்டாக இராது; ஊரின் நீர்க்கணக்காகும். விவசாயப் போதனாசிரியரும் பொறியியலாளரும் அதனை நாடி வருவர்.

இங்கே படித்தோருக்கு ஒரு வார்த்தை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது நாம் இழந்தவை நூல்கள் மாத்திரமல்ல. எமது பிள்ளைகள் தம்மைப் பற்றித் தேடியறியும் வாசலையும் இழந்தோம். 2005 முதல் ‘நூலகம்’ எனும் இணைய நூலகம் எமது பழைய பத்திரிகைகளையும் நூல்களையும் இலவசமாகக் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்திருக்கிறது. அவ்வாசலை ஊர்ப் பிள்ளைக்குத் திறந்து காட்ட ஒருவர் வேண்டும். வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆகியோர் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை தத்தம் ஊர் வாசிகசாலையில் இரண்டு மணித்தியாலம் இருப்பார்களாயின், வீட்டிலே கேட்பதற்கு ஆளில்லாத பிள்ளைக்கும் ஓர் ஆள் கிடைப்பார். உங்கள் பிள்ளையின் ஒப்படையை எழுதிக் கொடுக்கும் அந்த நேரத்தை, ஊர்ப் பிள்ளையின் கேள்வியைக் கேட்கும் நேரமாக மாற்றுங்கள். இரு பிள்ளைகளுக்கும் அது நன்மை.

கல்வி அதிகாரிகளுக்கும் ஒன்று கூறுவோம். அரசாங்கம் 2025 இல் முன்வைத்த கல்விச் சீர்திருத்தம் முதலாந் தரத்தையும் ஆறாந் தரத்தையும் தொடக்கமாகக் கொண்டது. பரீட்சைச் சுமையைக் குறைத்துச் செயலால் வரும் கல்வியைப் பெருக்குவதே அதன் நோக்கமென்றும் கூறப்பட்டது. நல்லது. ஆனால், ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் கொடாமல் படிவங்களை மட்டும் கூட்டினால், புதிய பெயரிலே பழைய கதையே நடக்கும். ஹந்தெஸ்ஸவும் 1972 உம் கற்பித்த பாடத்தை மூன்றாம் முறையும் கற்கவேண்டிய நிலை வராதிருக்கட்டும்.

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையிலே உங்கள் பிள்ளை துண்டுக் கடதாசியை நீட்டினால், அதை வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். பிள்ளையை அருகிலிருத்தி, “உனக்கு என்ன அறியவேண்டும்?” என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாதென்று சொல்லுங்கள். எழுதுவதைப் பிள்ளையே எழுதட்டும். எழுத்துக் கோணலாயிருக்கும், புள்ளியும் குறையலாம். குறையட்டும். அந்தக் கோணல் எழுத்து உங்கள் பிள்ளையுடையது.

செம்மண் காயாத காலோடு கடைவாசலில் நின்ற அந்தக் கமக்காரரை நாம் மறக்கவில்லை. அவர் வாங்கிச் சென்ற பன்னிரண்டு பக்கங்களிலே அவருக்குத் தெரியாத செய்தி ஒன்றேனும் இருந்திருக்குமோ, நாம் அறியோம். அவருக்குத் தெரிந்து அப்பக்கங்களில் இல்லாதவை ஏராளம் என்பது மட்டும் நிச்சயம். அடுத்த தவணையிலாவது அவருடைய மகள் கொப்பியும் பென்சிலுமாக அவர் பின்னே தோட்டத்து வரம்பிலே நடப்பாளா? அதற்கு வழி செய்வது ஆசிரியர் கையிலும், அதிபர் கையிலும், எம் எல்லோர் கையிலும் இருக்கிறது.